சால்மன் மீனும் பச்சைக் காய்கறியும்: சுங்கை சிப்புட் சமையலறைக் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் சால்மன் அன்றாட மீன் அல்ல. ஈப்போவில் வேலை செய்யும் மகளோ கோலாலம்பூரில் இருக்கும் மகனோ விடுமுறைக்கு வரும்போது ஒரு பொட்டலம் வாங்கி வருகிறார்கள். அம்மாக்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, இதைப் பொரிப்பதா, குழம்பு வைப்பதா என்று திகைக்கிறார்கள். வீட்டிலிருந்து சமைத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் அந்தக் கேள்விகள் என் வாசலுக்கு வந்து சேர்கின்றன. அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் கட்சி இதுதான்: மீனை அதிகம் படுத்தாதீர்கள், பக்கத்தில் வைக்கும் காய்க்கு மெனக்கெடுங்கள்.

இந்த மீன் எங்கிருந்து வருகிறது? நம் நாட்டில் வளர்க்க முடியாதா?

பேரங்காடிகளில் பனிக்கட்டியின் மேல் வைத்து விற்பது பெரும்பாலும் நார்வேயிலிருந்து விமானத்தில் வரும் அட்லாண்டிக் சால்மன். கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளில் வளர்த்தது. அந்த வளர்ப்பு முறை 1970-இல் நார்வேயின் ஹித்ரா தீவில் இரு சகோதரர்களின் முயற்சியால் கால் ஊன்றியது. உறைந்த துண்டங்கள் சிலி நாட்டிலிருந்தும் வருகின்றன. அங்கே அது பிறவி மீன் அல்ல, கொண்டுபோய் வளர்த்தது. குளிர்ந்த நீரில்தான் இந்த மீன் தேறும். பங்கோர் தீவுப் பக்கத்துக் கடல் இதற்கு வெந்நீர். 'உள்ளூர் சால்மன்' என்று யாராவது கூவி விற்றால் அது வேறு ஏதோ மீன்.

இவ்வளவு செக்கச்செவேல் என்று இருக்கிறதே, சாயம் போடுகிறார்களா?

மேலே பூசுவதில்லை. கடலில் திரியும் சால்மன் கூனியும் இறாலும் தின்று அஸ்டாக்சாந்தின் என்ற நிறமியைச் சதையில் சேர்த்துக்கொள்கிறது. கூண்டு மீனுக்கு அதே நிறமியைத் தீவனத்தில் கலந்து கொடுக்கிறார்கள். கொடுக்காவிட்டால் சதை வெளுத்துச் சாம்பல் பூத்தது போல இருக்கும், யாரும் வாங்கமாட்டார்கள். இடையில் ஓடும் வெள்ளை வரிகள் கொழுப்பு. வரி அகலமாக இருந்தால் நெய்ப்பும் கூடுதல்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? கண்ணும் செவுளும் பார்த்து வாங்கித்தான் பழக்கம். இது துண்டமாக வருகிறதே.

கண்ணும் செவுளும் இல்லாவிட்டால் தட்டைப் பாருங்கள். மீன் துண்டத்தின் கீழ் கலங்கிய நீர் தேங்கி நின்றால் அது நெடுநேரம் அங்கே கிடந்திருக்கிறது. சதை அடுக்கடுக்காகப் பிளந்து, விரல் நுழையும் இடைவெளி விட்டிருந்தாலும் வேண்டாம். ஓரம் பழுப்பேறி உலர்ந்திருந்தால் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் உறையின் மேலாக மெல்ல அழுத்தினால் குழி உடனே மேலெழ வேண்டும். வாசனை கடல்நீர் வாசனையாக இருக்கலாம். கவுச்சி அடிக்கக் கூடாது.

வால் துண்டத்தைவிட நடுத்துண்டம் சமைக்க எளிது, எல்லாப் பக்கமும் ஒரே பருமனாக இருக்கும். வால் ஒரு முனையில் மெலிந்துபோகும்; அந்த முனை வெந்து தீய்ந்த பிறகும் மறுமுனை பச்சையாக நிற்கும். வால்தான் கிடைத்தது என்றால் மெல்லிய முனையை அடியில் மடித்து வைத்துச் சமையுங்கள்.

ஈப்போவிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் கெட்டுவிடாதா?

நீங்கள் வாங்கும் வரிசையைப் பொறுத்தது. அரிசி, சோப்பு எல்லாம் வாங்கி முடித்துக் கடைசியாக மீன். ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான், ஆனால் நண்பகல் வெயிலில் மோட்டார் சைக்கிள் கூடையில் பிளாஸ்டிக் பையோடு தொங்கவிடும் தூரம் அல்ல. ஐஸ் பெட்டியில் பனிக்கட்டி போட்டுக் கொண்டுவாருங்கள். வழியில் சொந்தக்காரர் வீட்டில் பசியாறப் போகிறீர்கள் என்றால் மீனையும் உள்ளே எடுத்துப்போய் அவர்களுடைய குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், வெட்கப்பட வேண்டாம். வீட்டில் 4 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல் வைத்து ஒன்றிரண்டு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும்.

உறைந்த துண்டத்தை எப்படி இளக்குவது?

முதல் நாள் இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். காற்று நீக்கி ஒட்டிய உறையில் வந்திருந்தால், இளக வைப்பதற்கு முன் உறையைக் கத்தரித்துத் திறந்துவிட வேண்டும். காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு வகை நச்சுக் கிருமி மீனில் இருக்கக்கூடும். அது குளிரிலும் பெருகும். சமையல் மேடையில் மத்தியானம் முழுவதும் கிடத்தி இளக வைக்கும் பழக்கத்தை நம் ஊர் வெப்பத்தில் அறவே விட்டுவிடுங்கள்.

மஞ்சள், உப்பு, புளி போட்டு அலச வேண்டாமா?

கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனுக்கும் சுறாவுக்கும் செய்வதை இதற்குச் செய்ய வேண்டாம். குழாயடியில் அலசினால் கவுச்சி நீர் மேடையெங்கும் தெறிப்பதுதான் மிச்சம்; மீன் ஈரமாகித் தோல் மொறுமொறுப்பாக வராது. காகிதத் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறப் போட்டால் அடுப்பில் ஏறுவதற்கு முன்பே மேல் சதை வெளுத்து உதிரத் தொடங்கிவிடும். புளிப்பு இந்த மீனுக்கு வேண்டும்தான், ஆனால் தட்டில் வேண்டும்.

மஞ்சளுக்கு நான் எதிரி அல்ல. உப்போடு ஒரு சிட்டிகை தடவலாம். மீன் மசாலாத் தூளை அப்பிப் பிசைவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. தூள் கருகுகிறது, மீன் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

முள் இருக்கிறதா?

நடுத்துண்டத்தின் பருத்த பக்கத்தில் ஊசி போன்ற முட்கள் ஒரே வரிசையில் இருக்கும். கடைக்காரர் எடுத்திருப்பார், ஆனாலும் நம்பிவிடாதீர்கள். விரல் நுனியைச் சதையின் மேல் வால் பக்கத்திலிருந்து தலைப் பக்கமாகவும் திரும்பவும் ஓட்டிப் பாருங்கள், தட்டுப்படும். இடுக்கியால் பிடித்து, முள் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள். எதிர்த்திசையில் பிடுங்கினால் சதையும் கிழிந்து வரும்.

சரி, பொரிப்பது எப்படி?

நான்கு பேருக்கு 150 கிராம் அளவில் தோலோடு நான்கு துண்டங்கள். சமைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு வெளியே எடுத்து ஒற்றித் துடைத்து, எல்லாத் துண்டுகளுக்குமாக ஒரு தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி மஞ்சளும் தடவுங்கள். தோல் பக்கத்தை மறுபடியும் ஒருமுறை துடையுங்கள். இந்த இரண்டாவது துடைப்பை யாரும் செய்வதில்லை. தோல் ஒட்டிக்கொள்கிறது என்று புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

அடி கனத்த தட்டைச் சட்டியோ பழகிய தோசைக்கல்லோ போதும். குழிந்த குவாலி வேண்டாம், துண்டம் வளைந்து நடுவில் மட்டும் வேகும். நடுத்தரத் தீயில் கல் காய்ந்ததும் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள். இந்த மீன் தானே எண்ணெய் விடும், நாம் ஊற்றுவது தொடங்கிவைக்க மட்டும். தோல் கீழே இருக்கும்படி வையுங்கள். வைத்த கணமே தோல் சுருங்கித் துண்டம் வில்லாக வளையப் பார்க்கும். தோசைத் திருப்பியால் ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு கை வைக்காதீர்கள்.

இனிப் பக்கவாட்டைக் கவனியுங்கள். அடியிலிருந்து வெளிர் நிறம் மெல்ல மேலேறும். பளபளவென்று கண்ணாடி போல இருந்த சதை மங்கி, இளஞ்சிவப்பாக மாறிக்கொண்டே வரும். இரண்டரை சென்டிமீட்டர் பருமனுள்ள துண்டத்தில் அந்தக் கோடு முக்கால் உயரம் வர ஐந்தாறு நிமிடம் ஆகும். அப்போது திருப்புங்கள். தோல் பொன்னிறமாகிக் கல்லைத் தானே விட்டிருக்கும். விடவில்லையென்றால் இன்னும் ஆகவில்லை, அரை நிமிடம் பொறுங்கள். மறுபக்கத்துக்கு ஒன்றரை இரண்டு நிமிடம் போதும். எடுத்துத் தோல் மேலே இருக்கும்படி தட்டில் இரண்டு நிமிடம் வைத்துவிட்டுப் பரிமாறுங்கள். மூடி போடாதீர்கள், ஆவி பட்டால் தோல் தொளதொளத்துவிடும்.

அடுப்பங்கரையில் ஓவன் இருப்பவர்கள் 200 பாகையில் 12 முதல் 15 நிமிடம் வைக்கலாம். ஏர் பிரையர் என்றால் 180 பாகையில் எட்டாவது நிமிடமே திறந்து பார்த்துவிடுங்கள். தணலில் வாட்டிய வாழையிலையில் மடித்துக் கல்லில் சுடுவதும் நன்றாக வரும். தோல் மொறுமொறுக்காது, ஆனால் இலை வாசனை ஈடு செய்துவிடும்.

வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

கத்தி முனையால் பருத்த இடத்தை லேசாக விலக்கினால் சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதிப்படி உட்பகுதி 63 பாகை செல்சியஸ் எட்ட வேண்டும். பெரிய உணவகங்களில் அதற்கு முன்பே இறக்கிவிடுவார்கள். கைக்குழந்தையும் வயதானவர்களும் உண்ணும் வீட்டில் நான் 63-ஐத்தான் பிடித்துக்கொள்கிறேன். குத்திப் பார்க்கும் வெப்பமானி வைத்திருந்தால் சந்தேகமே இல்லை. 63-க்கு மேல் இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் வாயில் மரத்தூள்.

வேகும்போது வெள்ளையாக ஏதோ கசிகிறதே, கெட்டுப்போன மீனா?

இல்லை. அல்புமின் என்ற புரதம். சூட்டில் சதை இறுகும்போது பிதுங்கி வெளியே வந்து உறைகிறது. தீ அதிகமானால் கசிவும் அதிகம். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, மீனைப் பத்து நிமிடம் மூழ்க வைத்துத் துடைத்துவிட்டுச் சமைத்தால் வெகுவாகக் குறையும். அப்படிச் செய்தால் மேலே மறுபடி உப்புத் தடவ வேண்டாம்.

பக்கத்தில் எந்தக் காய்கறி வைப்பது?

கடையில் கிடைக்கும் வளர்ப்பு சால்மனில் 100 கிராமுக்குச் சுமார் 13 கிராம் கொழுப்பு உண்டு. இவ்வளவு நெய்ப்பான மீனுக்குப் பக்கத்தில் தேங்காய்ப்பால் கூட்டோ உருளைக்கிழங்கு வறுவலோ வைத்தால் மூன்றாவது கவளத்தில் திகட்டிவிடும். புளிப்பு, கொஞ்சம் கசப்பு, கடித்தால் சத்தம் கேட்கும் மொறுமொறுப்பு, இவை மூன்றும் வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகத் தருவது மலாய்க்காரர் வீட்டுக் கெராபு, அதாவது புளிப்புச் சாற்றில் பிசறிய காய்க்கலவை. நம் தோட்டத்து வேலியில் படரும் காச்சாங் போத்தோல், அதாவது சிறகவரை, அதற்கென்றே பிறந்த காய்.

பிஞ்சாகப் பத்துப் பன்னிரண்டு சிறகவரை எடுங்கள். ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றல். நான்கு சிறகுகளின் ஓரம் கறுத்திருந்தால் நேற்றோ முந்தாநாளோ பறித்தது. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் அரை நிமிடம் போட்டு எடுத்து ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துங்கள், பச்சை நிறம் எழுந்து நிற்கும். பிறகு சாய்வாக மெல்லியதாக அரியுங்கள். ஒவ்வொரு துண்டும் நான்கு முனை நட்சத்திரமாக விழும். ஒரு பிடி தவ்கேயையும் (முளைப்பயறு) அதே கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். முளைகட்டிய பயறு வெதுவெதுப்பான ஈரத்தில் வளர்வது, கிருமியும் கூடவே வளரும். கர்ப்பிணியோ வயதானவரோ குழந்தையோ உண்பதானால் அதை நன்றாக வேகவைத்தே போடுங்கள். தவ்கே வாங்கினால் ஈப்போ புந்தோங் தவ்கே வாங்குங்கள். குட்டையாகப் பருமனாக இருக்கும். சுண்ணாம்புக்கல் மலைத் தண்ணீர்தான் காரணம் என்று அந்த வட்டாரமே சொல்லும்.

அரை வெள்ளரிக்காயை விதை நீக்கிக் குச்சியாக நறுக்கி, சின்ன வெங்காயம் ஐந்தாறை மெல்லிய வளையங்களாகச் சீவி, புங்கா காந்தான் (இஞ்சி வகைப் பூ) மொட்டில் பாதியை முடிந்தவரை பொடியாக அரிந்து சேர்த்துக்கொள்ளுங்கள். பூ மொட்டு தடித்தடியாக விழுந்தால் சோப்புத் தின்ற உணர்வு வரும், ஆகவே இதில் சோம்பல் கூடாது.

சாற்றுக்கு: காரமான சிறு மிளகாய் இரண்டை அரைத் தேக்கரண்டி உப்போடு இடிகல்லில் நசுக்கி, குலா மெலாக்கா வெல்லம் ஒரு தேக்கரண்டி சேர்த்து இடித்துக் கரைத்து, ஐந்தாறு லிமாவ் கஸ்தூரியை (சிறு எலுமிச்சை வகை) பிழியுங்கள். விதையை வடிகட்டிவிட வேண்டும், கடிபட்டால் கசக்கும். எல்லாவற்றையும் மீன் கல்லிலிருந்து இறங்கிய பிறகே கலந்து பிசறுங்கள். முன்கூட்டியே கலந்தால் வெள்ளரி நீர் விட்டுவிடும். மேலே வறுத்து இடித்த தேங்காய் ஒரு மேசைக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். மீனில் இருக்கும் கொழுப்பே போதும்.

காய்களைத் தனித்தனியாக அரிந்து குளிரில் வைத்துக்கொண்டு, அடுத்து மீனைக் கல்லில் போடுவது சரியான வரிசை.

படங்களில் புரோக்கோலியும் அஸ்பாரகஸும் தானே வைக்கிறார்கள்?

வைக்கட்டும். புரோக்கோலி கேமரன் மலையிலிருந்தே வருகிறது, பிழையில்லை. அஸ்பாரகஸ் விலைக்கு ஒரு வாரத்துக் கங்கோங் கீரை வாங்கலாம். கேமரன் மலையில் விளைவதில் சால்மனுக்கு நான் முதலில் எடுப்பது தக்காளியும் நீர்க்கீரையும்தான். இலைக்கறிகளை ஓடும் தண்ணீரில் இதழ் இதழாகக் கழுவுங்கள், மருந்து அடித்திருப்பார்கள்.

வீட்டில் பெரியவர்கள் பச்சைக் காய் தொடமாட்டார்கள். என்ன செய்வது?

வற்புறுத்தாதீர்கள். அதே சிறகவரையைக் கடுகு, கறிவேப்பிலை தாளித்து இரண்டு நிமிடம் வதக்கி, இறக்கிய பின் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். முருங்கைக்கீரை ரசம் வைத்தால் இன்னும் மேல். சோற்றில் ஊற்றி மீனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிடுவார்கள்.

குழம்பு வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் நல்ல நடுத்துண்டத்தைக் குழம்பில் போட எனக்கு மனம் வராது. வைப்பதென்றால் தேங்காய்ப்பால் ஊற்றாமல் புளிக்குழம்பாக வையுங்கள். குழம்பு முழுவதுமாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு தீயை அடக்கி, மீனை இறக்கி, கரண்டி போடாமல் ஐந்தாறு நிமிடம். இரும்புச் சட்டியானால் அதன் சூட்டிலேயே பாதி வெந்துவிடும். மறுநாள் குழம்புதான் ருசி என்ற நம் கணக்கு இந்த மீனிடம் செல்லாது. மறுமுறை கொதித்தால் சதை உதிர்ந்துபோகும்.

தலை மலிவாக விற்கிறார்களே, அது எப்படி?

குழம்புக்கு உரியது அதுதான். இரண்டாகப் பிளந்து வாங்கி, செவுளை முழுவதும் பிடுங்கி எடுத்துவிட்டு, கொதிநீரை ஒருமுறை ஊற்றி வடித்துவிடுங்கள், கவுச்சி போய்விடும். கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி, கை நிறையக் கறிவேப்பிலை. கன்னச் சதையும் கழுத்துப் பட்டையும் நடுத்துண்டத்தைவிட ருசி என்பது என் எண்ணம். கடைக்காரரிடம் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள், விலை ஏறிவிடும்.

பச்சையாகத் தின்கிறார்களே, வீட்டில் செய்யலாமா?

சமைப்பதற்கென்று விற்கும் துண்டத்தில் வேண்டாம். புழுக்களைக் கொல்ல மீனைச் சுழியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸ் உறைகுளிரில் ஏழு நாள் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். வீட்டு உறைபெட்டி பெரும்பாலும் சுழியத்துக்குக் கீழே 18-இல் நிற்கும். உறைய வைத்தாலும் பாக்டீரியாக் கிருமிகள் சாவதில்லை.

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கலாமா? பிள்ளை பெற்றவளுக்கு?

நன்றாக வேகவைத்துக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கலாம். பாதரசம் குறைவான மீன்களில் சால்மன் ஒன்று. பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் ஹாருவானும் (விரால் மீன்) சுறாப்புட்டும்தான் முறை. அங்கே பாட்டியின் சொல்லுக்கு எதிராக நான் வாய் திறப்பதில்லை.

மிச்சமானால்?

சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். திரும்பச் சூடு செய்தால் மீன் கட்டியாகி வாசனை வீடெல்லாம் பரவும். அதைவிட உதிர்த்துப் புட்டு செய்யுங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் பொடியாக அரிந்து வதக்கி, மிளகுத்தூள் தூவி, கடைசியில் உதிர்த்த மீனைப் போட்டு இரண்டு புரட்டு. சுறாப்புட்டைப் போல நெடுநேரம் கிளற வேண்டாம். மோர் கலந்த பழைய சோற்றுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை.

இவ்வளவு காசு கொடுத்து இதை வாங்க வேண்டுமா? கெம்போங் போதாதா?

தாராளமாகப் போதும். ஒமேகா-3 கொழுப்புக்காகத்தான் சால்மன் வாங்குகிறேன் என்று சொல்பவர்களிடம், கெம்போங்கிலும் மத்தியிலும் அது கணிசமாக உண்டு என்றுதான் சொல்வேன். பிள்ளைகளுக்கு முள் தொல்லை இல்லாமல் ஒரு நாள் ஊட்ட வேண்டும், அல்லது மகன் ஆசையாக வாங்கி வந்துவிட்டான் என்றால் சால்மன் சமையுங்கள். மற்ற நாளில் காலைச் சந்தையில் கண் பளிச்சென்று இருக்கும் கெம்போங் வாங்கி, வாங்கியதும் ஐஸில் போடுங்கள்; இந்தக் குடும்பத்து மீன்கள் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் சேர்ந்து முகம் சிவந்து தடிக்கும், வேகவைத்தாலும் அது போகாது. முதுகில் இரு பக்கமும் கீறி, மிளகாயும் பெலாச்சானும் (புளிக்கவைத்த கூனி விழுது) இடித்த சம்பாலை அந்தக் கீறலில் அடைத்து, வாழையிலையில் வைத்துச் சுடுங்கள். பக்கத்துக்கு அதே சிறகவரைக் கெராபு. சம்பாலிலேயே காரம் இருப்பதால் சாற்றில் மிளகாயை ஒன்றாகக் குறைத்து, லிமாவ் கஸ்தூரி ஒன்று கூட்டிப் பிழிந்துகொள்ளுங்கள்.